‘கெட்’ என்ற குட்டிச் சொல்லைப் பிடிப்பது எப்படி?

ஆங்கிலம் புதிதாகப் படிக்கிறவர்கள் நீளமான சொற்களைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். தேவையில்லாத பயம் அது. ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ என்றால் ஒளிச்சேர்க்கை, அவ்வளவுதான். காலையில் ஒரு பொருள் மாலையில் ஒரு பொருள் என்று அது யாரையும் ஏமாற்றாது. தகராறு செய்வதெல்லாம் மூன்றெழுத்துக் குட்டி வினைச்சொற்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்கு 430 பொருள்கள் இருந்தன. அப்புறம் புதுப் பதிப்புக்கான வேலை நடந்தபோது ‘ரன்’ அதை முந்திக்கொண்டு 645-க்குப் போய்விட்டது, அந்த ஒரு சொல்லைப் பிரித்து அடுக்கவே ஓர் ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

இங்கே நாம் எடுத்துக்கொள்வது ‘கெட்’. இறந்தகாலத்தில் ‘காட்’. இதை ஏன் எடுத்தேன் என்றால், தமிழ் பேசுகிறவர்கள் இதைத்தான் அதிகம் தவிர்க்கிறார்கள், தவிர்ப்பது கூடத் தெரியாமல் தவிர்க்கிறார்கள். ‘ரிசீவ்ட்’, ‘பிகேம்’, ‘ரீச்ட்’, ‘அண்டர்ஸ்டுட்’ என்று பள்ளியில் படித்த கௌரவமான சொற்களைப் போட்டுப் பேசுகிறோம். தப்பில்லை, ஆனால் கேட்பவருக்கு நாம் அரசாங்கக் கடிதம் வாசிக்கிற மாதிரி இருக்கும்.

தேவையானவை: ஒரு பழைய நோட்டு, ஒரு நல்ல அகராதி, ஒரு வாரம், தினம் அரை மணி நேரம்.

முதல் படி: இரண்டு நாள் வேட்டை

முதல் இரண்டு நாள் அகராதியைத் தொடவே வேண்டாம். எங்கே ‘கெட்’ கண்ணில் பட்டாலும், காதில் விழுந்தாலும், அந்த முழு வாக்கியத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். சொல்லை மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை, அது தனியாக நிற்கும்போது எதுவும் சொல்லாது. என் நோட்டில் ஒரு தடவை சேர்ந்தவை இவை:

ஐ காட் எ லெட்டர்: கடிதம் வந்தது.
கெட் சம் மில்க்: பால் வாங்கிட்டு வா.
இட்ஸ் கெட்டிங் லேட்: நேரமாகிறது.
வி காட் ஹோம் அட் டென்: பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம்.
ஹி காட் ஹர்ட்: அவனுக்கு அடிபட்டது.
ஐ காட் மை ஹேர் கட்: முடி வெட்டிக்கொண்டேன்.
கெட் ஹிம் டு சைன்: அவரைக் கையெழுத்துப் போட வை.
ஐ டோன்ட் கெட் இட்: பிடிபடவில்லை.

வந்தது, வாங்கு, ஆகிறது, சேர்ந்தோம், பட்டது, கொண்டேன், வை, பிடிபடவில்லை. எட்டு வாக்கியம், தமிழில் எட்டு வினை. இதைப் பார்த்ததும் எட்டையும் மனப்பாடம் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள், அடுத்த மாதம் இது எண்பதாகும்.

இரண்டாம் படி: பின்னால் யார் நிற்கிறார் என்று பாருங்கள்

‘கெட்’டின் பொருள் ‘கெட்’டுக்குள் இல்லை, அதற்கு அடுத்து வரும் சொல்லில் இருக்கிறது. அடுத்து ஒரு பொருளின் பெயர் வந்தால் வாங்குவது அல்லது கிடைப்பது. ‘லேட்’, ‘டயர்ட்’, ‘ஆங்ரி’ மாதிரி ஒரு நிலையைச் சொல்லும் சொல் வந்தால் ஆவது. இடம் வந்தால் போய்ச் சேர்வது. ‘ஹர்ட்’, ‘டெலீடட்’ மாதிரி, செயல் முடிந்துவிட்டதைக் காட்டும் வடிவம் வந்தால் நம் ‘படு’. ஓர் ஆளும் அவருக்குப் பின்னால் ‘டு’ என்று ஒரு வினையும் வந்தால் ஒருவரைச் செய்ய வைப்பது. கேட்க நிறைய இருப்பது போலத் தெரிந்தாலும் நான்கு நாளில் கை பழகிவிடும்.

இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, நான் சூடுபட்ட இடம். முதல் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு முக்கியமான கோப்பு எப்படியோ அழிந்துபோயிற்று. நான் மேலாளருக்கு மின்னஞ்சலில் ‘ஐ காட் த ஃபைல் டெலீடட்’ என்று எழுதினேன். ‘என்னிடமிருந்த கோப்பு அழிந்துவிட்டது’ என்று சொன்னதாக என் நினைப்பு. அவர் படித்ததோ ‘நான்தான் ஆள் வைத்து அந்தக் கோப்பை அழித்தேன்’ என்று. எழுதியிருக்க வேண்டியது ‘த ஃபைல் காட் டெலீடட்’. கோப்பு முன்னால் வந்தால் விபத்து, நான் முன்னால் வந்தால் சதி. அரை நாள் விளக்கம் கொடுத்தேன்.

முடிவெட்டும் வாக்கியமும் இதே குடும்பம்தான். தமிழில் ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்றால் கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் ‘ஐ கட் மை ஹேர்’ என்று சொன்னால் நீங்களே கண்ணாடி முன்னால் நின்று வெட்டிக்கொண்டீர்கள் என்றுதான் நினைப்பார்கள். வேறு ஒருவர் கையால் நடந்தது என்றால் ‘காட்’ போட்டு, பொருளை நடுவில் வைத்து, ‘கட்’டைக் கடைசியில் தள்ள வேண்டும். வண்டி பழுதுபார்த்தது, பல் பிடுங்கியது, சட்டை தைத்தது எல்லாவற்றுக்கும் இதே வரிசை.

மூன்றாம் படி: ‘எனக்கு’ என்று ஆரம்பிக்கிறதா?

எனக்கு மிகவும் உபயோகப்பட்ட தந்திரம் இதுதான், இலக்கணப் புத்தகத்தில் படித்ததில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. தமிழில் நாம் விரும்பிச் செய்ததற்கு ‘நான்’ போடுகிறோம், தானாக நம்மிடம் வந்து சேர்ந்ததற்கு ‘எனக்கு’ போடுகிறோம். நான் பேனா வாங்கினேன், எனக்கு வேலை கிடைத்தது. ஆங்கிலம் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை; இரண்டுக்கும் ‘ஐ’தான், இரண்டுக்கும் ‘காட்’தான். ‘ஐ காட் எ பென்’, ‘ஐ காட் எ ஜாப்’.

ஆகவே மனதில் தமிழ் வாக்கியம் ‘எனக்கு’ என்று தொடங்கி ‘வந்தது, கிடைத்தது, ஆயிற்று’ என்று முடிந்தால், முதலில் ‘ஐ காட்’ போட்டுப் பாருங்கள். எனக்குக் காய்ச்சல் வந்தது: ஐ காட் எ ஃபீவர். எனக்குக் கோபம் வந்தது: ஐ காட் ஆங்ரி. எனக்குக் கல்யாணம் ஆயிற்று: ஐ காட் மேரீட். இதைச் செய்யாமல் சொல்லுக்குச் சொல் போனால் ‘ஃபீவர் கேம் டு மி’ என்று வரும், காய்ச்சல் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்த மாதிரி. எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன், எனக்கு அழுகை வந்ததற்கு ‘காட்’ உதவாது, ‘ஐ ஃபெல்ட் லைக் க்ரையிங்’ என்று வேறு வழியில் போக வேண்டும். பத்தில் ஏழுக்கு உதவினால் போதாதா?

நம் மொழி ரொம்ப ஒழுங்கு என்றும் இதை வைத்து நினைத்துக்கொள்ள வேண்டாம். விரும்பிச் செய்வதற்கு ‘வாங்கு’ என்று இப்போதுதான் சொன்னேன். ‘அடி வாங்கினான்’ என்கிறோமே, விரும்பியா வாங்கினான்?

நான்காம் படி: ஊர் எது, வீடு எது

இவ்வளவு வேலையையும் ஒரே சொல் ஏன் சுமக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் அதன் பிறந்த ஊருக்குப் போக வேண்டும். ‘கெட்’ பிறப்பால் இங்கிலாந்துக்காரன் இல்லை. டென்மார்க், நார்வே பக்கத்திலிருந்து கப்பலில் வந்த வைக்கிங்குகள் கொண்டுவந்தது.

793-இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்ததில் தொடங்கி, முதலில் கப்பலில் வந்து பிடுங்கிக்கொண்டு போனவர்கள், பிறகு நிலம் பிடித்து, பெண் எடுத்து, கொடுத்து, அங்கேயே தங்கிவிட்டார்கள். 1016-இல் டென்மார்க்கைச் சேர்ந்த கனூட் இங்கிலாந்துக்கே ராஜா ஆனான். டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று ‘பி’யில் முடியும் ஊர்ப்பெயர்கள் அவர்கள் வைத்தவை. ‘எக்’, ‘ஸ்கை’, ‘நைஃப்’, ‘லா’, ‘ஹஸ்பண்ட்’ எல்லாம் அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழிச் சரக்கு. ‘தே’ என்ற பிரதிப்பெயர்கூட அங்கிருந்து வந்ததுதான். ‘விண்டோ’வுக்கு நார்ஸில் காற்றுக்கண் என்று பொருள். தமிழில் ஜன்னலுக்குக் ‘காலதர்’ என்று ஒரு பழைய பெயர் உண்டு, கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை, ஆனாலும் பார்க்க நன்றாக இருக்கிறது.

அந்த நார்ஸ் மொழியில் ‘கெத்தா’ என்று ஒரு வினை. அடைவது, எட்டிப் பிடிப்பது, பிள்ளை பெறுவது, சரியாக ஊகிப்பது என்று அப்போதே அதற்குப் பல வேலை. இது ஆங்கிலத்தில் 1200-ஐ ஒட்டித் தனி வினையாகத் தலைகாட்டுகிறது. அதற்கு முன் பழைய ஆங்கிலத்திலும் இதே குடும்பத்து வினை இருந்தது, ஆனால் பெரும்பாலும் முன்னால் ஓர் ஒட்டோடுதான் வரும். மறப்பதற்கான ‘ஃபர்கெட்’, பெறுவதற்கான ‘பிகெட்’ இரண்டும் அந்த வழி. உள்ளூர் உச்சரிப்பில் அங்கே ககரம் இல்லை, யகரம். மறப்பதற்கு ‘ஃபர்யெத்தன்’ மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். வைக்கிங்குகள் வந்து எல்லாவற்றையும் அழுத்தமான ககரமாக்கிவிட்டார்கள்.

இந்த இரட்டை உச்சரிப்புச் சண்டைக்கு ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சகம் வைத்த வில்லியம் கேக்ஸ்டன் 1490-இல் எழுதிய ஒரு முன்னுரையில் சொல்கிறார்: தேம்ஸ் நதியில் கப்பல் நகராமல் மாட்டிக்கொண்ட வியாபாரிகள் சாப்பாடு தேடிக் கரை ஏறினார்கள். ஒருவர் ஒரு வீட்டுப் பெண்ணிடம் ‘எக்ஸ்’ கேட்டார். அந்த அம்மா, எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள். கேட்டவருக்குக் கோபம், ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. கடைசியில் இன்னொருவர் ‘ஐரன்’ என்று கேட்டதும்தான் முட்டை என்று புரிந்தது. ‘எக்ஸ்’ நார்ஸ் வழி வந்தது, ‘ஐரன்’ உள்ளூர்ச் சொல். ஒரே நாடு, ஒரே மொழி, முட்டை வாங்க முடியவில்லை.

இன்னும் பின்னால் போனால், ஆங்கிலம், லத்தீன், சமஸ்கிருதம் எல்லாவற்றுக்கும் தாயாகக் கருதப்படும் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் பிடிப்பது, கைப்பற்றுவது என்ற பொருளில் ‘கெண்ட்’ போன்ற ஒரு வேரை அறிஞர்கள் ஊகித்து அமைத்திருக்கிறார்கள். லத்தீனில் இது பிடிப்பதைக் குறிக்கும் ‘ப்ரெஹெண்டெரே’வுக்குள் இருக்கிறது. அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ‘பிரிசன்’ வந்தது, பிடித்து அடைக்கும் இடம். ‘காம்ப்ரிஹெண்ட்’ வந்தது, புரிந்துகொள்வது. ஆக, ‘ஐ டோன்ட் கெட் இட்’ என்கிற பேச்சுக்காரரும் ‘ஐ டோன்ட் காம்ப்ரிஹெண்ட்’ என்கிற பண்டிதரும் ஒரே தாத்தாவின் பேரன்கள். நாமும் ‘அவர் சொன்னது பிடிபடவில்லை’ என்கிறோம். கைக்கு அகப்படுவதும் மனதுக்கு அகப்படுவதும் ஒரே வேலை என்று தூர தூர ஊர்க்காரர்கள் தனித்தனியாக நினைத்திருக்கிறார்கள்.

பிள்ளை பெறுவதும் அப்படியே. 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் மத்தேயு தொடக்கத்தில் ‘பிகாட்’, ‘பிகாட்’ என்று வம்ச வரிசை நீளும். தமிழ் பைபிளில் அதே இடத்தில் ‘ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான்’. பரிசு பெற்றான், பிள்ளை பெற்றாள், பெற்றோர், பேறு. குறளில் ஏழாம் அதிகாரமே மக்கட்பேறு. ஆகவே ‘கெட்’டுக்குத் தமிழில் ஒரே ஒரு சொல்தான் தரலாம் என்று என் தலையில் யாராவது துப்பாக்கி வைத்தால் ‘பெறு’ என்பேன். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பது வேறு விஷயம்.

பிரிட்டனில் ஆளைத் திட்டும் ‘கிட்’ என்ற சொல்லும் இங்கிருந்து கிளைத்ததே. முறைதவறிப் பிறந்த பிள்ளை என்ற பொருளில் வந்த ‘கெட்’டின் திரிபு. 2005-இல், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கத் தான் எழுதிய மென்பொருளுக்கு இந்தப் பெயரை வைத்துவிட்டு, லினக்ஸ் மாதிரி இதற்கும் என் பெயரையே வைத்திருக்கிறேன் என்று கேலி செய்தார். ஐ.டி.யில் இருப்பவர்கள் தினமும் நூறு முறை தட்டச்சு செய்வது அந்த வசவைத்தான்.

ஐந்தாம் படி: ‘கிட்டு’ பொறியில் விழாதீர்கள்

இவ்வளவு நேரம் படித்ததில் உங்களில் பாதிப் பேருக்கு ஒன்று உறுத்தியிருக்கும். தமிழில் ‘கிட்டு’ என்று ஒரு வினை இருக்கிறதே, கிட்டியது என்றால் கிடைத்தது, மலையாளத்தில் இன்றும் ‘கிட்டி’ என்றுதான் சொல்கிறார்கள், அப்படியானால் ‘கெட்’ தமிழிலிருந்து போனதுதானே? வாட்ஸப்பில் இப்படி ஒரு செய்தி எனக்கும் வந்தது.

இல்லை. இரண்டு சொல் இன்றைக்கு ஒரே மாதிரி ஒலிக்கிறது என்பது சாட்சியே கிடையாது. பழைய வடிவங்களை எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். ‘கெட்’டின் பழைய வேரில் நடுவில் ஒரு ‘ண்’ உண்டு, லத்தீன் உறவினர்களில் இன்னும் இருக்கிறது. முதலெழுத்து உள்ளூர் ஆங்கிலத்தில் ‘ய’ ஆகியிருந்தது. ஜெர்மனில் மறப்பதற்கு ‘ஃபெர்கெஸ்ஸன்’, அங்கே டகரம் சகரமாகியிருக்கிறது, இதே மாற்றம் ‘வாட்டர்’ ‘வாஸ்ஸர்’ ஆவதிலும் உண்டு. இப்படி ஒழுங்காகப் பின்னால் நடந்து போனால் வழி வடக்கு ஐரோப்பாவுக்குத்தான் போகிறது. வழியில் தமிழ் வியாபாரி யாரும் வைக்கிங்கைச் சந்திக்கவில்லை.

உண்மையிலேயே தமிழிலிருந்து போனவை இருக்கின்றன: கட்டுமரம் ‘கேடமரான்’ ஆனது, சுருட்டு ‘செரூட்’ ஆனது, மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆனது. கவனியுங்கள், எல்லாம் பெயர்ச்சொல், எல்லாம் கடற்கரையில் வெள்ளைக்காரன் கண்ணால் பார்த்த பொருள், போக்குவரத்து நடந்த காலத்தில் எழுத்தில் பதிவானவை. பெருமைப்பட இது போதும், பொய் வேண்டாம்.

நீங்களாகவே சொற்பிறப்பு பார்க்கும்போது மூன்று விஷயம் நினைவில் வைத்தால் போதும். ‘ஓ-ஈ’ என்ற இரண்டெழுத்துச் சுருக்கம் பழைய ஆங்கிலம், ‘ஓ-என்’ பழைய நார்ஸ், ‘பி-ஐ-ஈ’ இந்தோ-ஐரோப்பிய மூலமொழி. ஒரு வேருக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அது எங்கும் எழுதிக் கிடைக்காத வடிவம், அறிஞர்கள் கணக்குப் போட்டு எடுத்தது. ஆண்டு கொடுத்திருந்தால் அது எழுத்தில் கிடைத்த முதல் சான்றின் ஆண்டு, சொல் பிறந்த நாள் அல்ல. மக்கள் வாயில் அதற்கு முன்பே புழங்கியிருக்கலாம்.

ஆறாம் படி: வாலைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்

‘கெட் அப்’, ‘கெட் ஓவர்’, ‘கெட் அலாங்’ என்று வால் ஒட்டிய வடிவங்களை ஒரே நாளில் படிக்காதீர்கள், வாரத்துக்கு இரண்டு போதும். பஸ்ஸில் ஆரம்பியுங்கள், தினமும் தேவைப்படும். எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டி என்றால் ஏறுவது ‘கெட் ஆன்’, இறங்குவது ‘கெட் ஆஃப்’: பஸ், ரயில், விமானம், கப்பல். குனிந்து நுழைந்து உட்காருகிற வண்டி என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’: கார், ஆட்டோ. சைக்கிளும் குதிரையும் முதல் வகை, மேலே உட்காருவதால்.

நாம் எல்லோரும் ‘தாம்பரத்தில் கெட் டவுன்’ என்றுதான் சொல்லி வளர்ந்தோம். ‘இறங்கு’ என்பதற்குள் கீழே என்ற திசை இருப்பதால் ‘டவுன்’ தானாக வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம். இந்தியாவுக்குள் இதில் எந்தச் சிக்கலும் இல்லை, கண்டக்டரே அப்படித்தான் சொல்வார், திருத்தப் போகாதீர்கள். லண்டனில் சொன்னால் நாற்காலி மேலிருந்தோ ஏணியிலிருந்தோ இறங்கச் சொல்கிற மாதிரி இருக்கும், அவ்வளவே.

ஏழாம் படி: காட், காட்டன்

அமெரிக்கர்கள் ‘காட்டன்’ என்று ஒரு வடிவம் வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுதினால் பருத்திச் சேலை மாதிரி இருக்கிறது, என்ன செய்ய. இதை அமெரிக்கக் கொச்சை என்று சில ஆங்கிலேயர்கள் முகம் சுளிப்பார்கள். உண்மையில் பழைய வடிவம் அதுதான், 1611 பைபிளில் காயீனைப் பெற்றதும் ஏவாள் ‘ஐ ஹவ் காட்டன் எ மேன்’ என்றுதான் சொல்கிறாள். கப்பலேறிப் போனவர்கள் வைத்துக்கொண்டார்கள், ஊரில் இருந்தவர்கள் தொலைத்துவிட்டார்கள். ‘ஃபர்காட்டன்’ இரண்டு பக்கமும் மிச்சம். அமெரிக்கரிடம் ‘ஐ ஹவ் காட் எ கார்’ என்றால் என்னிடம் கார் இருக்கிறது, ‘ஐ ஹவ் காட்டன் எ கார்’ என்றால் கார் வாங்கியிருக்கிறேன். புதிதாகக் கற்பவர் எதைப் பின்பற்றலாம்? யாரோடு அதிகம் பேசுகிறீர்களோ அவர்களை.

கடைசியாக ஒரு பயிற்சி. ‘ஐ காட் டு சீ த ஸீ’ என்றால் கடலைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைத்திருந்தது, ஆசைப்பட்டது அமைந்தது. ‘ஐ ஹவ் காட் டு கோ’ என்றால் போயே ஆக வேண்டும், ஆசை இருக்கிறதோ இல்லையோ. முதலாவது வரம், இரண்டாவது கட்டாயம். பேச்சில் அந்த ‘ஹவ்’ அடிக்கடி காணாமல் போய்விடும், இரண்டும் ‘ஐ காட் டு’ என்றே காதில் விழும். நாளை ஒருவர் உங்களிடம் ‘ஐ காட் டு மீட் த மினிஸ்டர்’ என்று சொன்னால், வாழ்த்துச் சொல்வதா ஆறுதல் சொல்வதா என்று அவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.